முதலாம் இடத்துக்கு முழுப்பேர்

நான் எழுதிய முதல் விலைப்பட்டியல் மூன்று தாள்கள் கொண்டது. முதல் தாளுக்குத் 'தங்கம்' என்று தலைப்பு, இரண்டாவதற்கு 'வெள்ளி', மூன்றாவதற்கு 'வெண்கலம்'. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன். கொழும்பில் நான் மூன்று வருடம் வேலை செய்த கம்பனியில் அப்படித்தான் போடுவார்கள். அதைப் பார்த்து நானும் போட்டேன்.

அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கடல் கடந்த ஊர்களில் இருந்தார்கள். ஒரு பல் வைத்தியர், ஒரு பூட்டுத் திருத்துபவர், கம்பளம் கழுவிக் கொடுக்கும் ஒரு குடும்பம். யாராவது தேடுபொறியில் பல்வலி என்று தட்டினால், எங்கள் வைத்தியரின் பக்கம் மற்ற வைத்தியர்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்குச் செய்கிற வேலைக்கு எஸ்.ஈ.ஓ. என்று பெயர். பக்கத்தில் உள்ள எழுத்தைத் திருத்துவது, படங்களுக்குப் பெயர் வைப்பது, வேறு தளங்களில் நம்முடைய முகவரியைப் போடச் சொல்லிக் கெஞ்சுவது என்று நாள் முழுக்க வேலை இருந்தது. விலை பேசுகிறவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். அந்த வைத்தியர் மாதம் எவ்வளவு கொடுக்கிறார் என்பது கீழ்மாடியில் இருந்த எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு மேல்மாடிக்காரர்கள் கம்பனியை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் லிந்துலைக்குத் திரும்பினேன். அம்மா அப்போதும் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு டெலிபோன் கம்பி வந்திருக்கவில்லை. அதனால் தலவாக்கலை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால், ஒரு மேசையையும் கம்ப்யூட்டரையும் மாத வாடகைக்கு எடுத்தேன். யுத்தம் முடிந்த நேரம் அது. வடக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் குளிர் பார்க்க நுவரெலியாவுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னறையில் இரண்டு கட்டிலைப் போட்டவர்கள்கூட வாசலில் 'கெஸ்ட் ஹவுஸ்' என்று பலகை மாட்டினார்கள். இவர்கள் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பார்கள், அப்போது நான் தேவைப்படுவேன் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு இடங்களில் என் மூன்று தாள்களையும் கொடுத்தேன். ஒருவர், "தங்கம்னா பவுன் கணக்காம்மா?" என்று கேட்டார். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் என் கண்முன்னாலேயே வெண்கலத்தில் வடை மடித்தார்.

பதின்மூன்றாவது இடம் ஒரு பெரிய கிளாக்கருடைய விடுதி.

தோட்டத்து ஆபீஸில் துரைக்கு அடுத்தபடி எல்லாக் கணக்கும் பெரிய கிளாக்கர் கையில்தான் இருக்கும். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, முப்பத்தாறு வருடம் அங்கேயே இருந்துவிட்டு, ஓய்வுபெறும்போது கிடைத்த சேமலாப நிதியை எடுத்து நுவரெலியாவில் ஏழு அறை கட்டியிருந்தார். மனைவி லண்டனில் மகளின் பிரசவத்துக்குப் போனவர். பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் அவரும், ஏழு அறைகளும், மகள் வாங்கி அனுப்பிய ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன.

"நீர் எந்தத் தோட்டம்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

சொன்னேன்.

"எந்த டிவிஷன்?"

அதையும் சொன்னேன்.

"அப்பா?"

"இல்லைங்க. அம்மா மலைக்குப் போறாங்க."

"ம்." என்னைப் பற்றி அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். "இருந்து கதையும் பிள்ளை" என்று நாற்காலியைக் காட்டினார். தோட்டத்து ஆபீஸில் எங்கள் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கிளாக்கரிடம் பேசுவார்கள். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, மூன்று தாள்களையும் வரி வரியாகப் படித்தார். ஆட்கள் கணக்கைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியின் முடிவிலும் பேனை நின்றது.

"தங்கம் எண்டால் முதலாம் இடம் கட்டாயமோ?"

"கட்டாயம்னு சொல்ல முடியாதுங்க ஐயா. முயற்சி பண்ணலாம்."

"வெள்ளிக்கு?"

"அதுவும் முயற்சிதாங்க."

"அப்ப வெண்கலத்துக்கு முயற்சி இல்லையோ?"

"கொஞ்சம் கொறஞ்ச முயற்சிங்க."

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "குறைஞ்ச முயற்சிக்குக் காசு கேக்கிற ஆளை நான் இப்பதான் பிள்ளை பாக்கிறன்."

மூன்று தாள்களையும் குறுக்கே கோடிழுத்துத் திருப்பி வைத்தார். எழுந்து போகலாமென்று பையை எடுத்தேன். அவரோ வெறுந்தாள் ஒன்றை எடுத்து அடிமட்டத்தால் கோடிழுத்துக் கட்டம் போடத் தொடங்கியிருந்தார்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஓர் அளவு உண்டு. அதைப் பறித்தால் செக்ரோல் புத்தகத்தில் முழுப்பேர் விழும், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கிளாக்கர் ஐயா எனக்கு ஒரு செக்ரோல் போட்டார். மாதக் கடைசி நாள் காலை ஏழு மணிக்கு அவருடைய கம்ப்யூட்டரில் 'நுவரெலியா கெஸ்ட் ஹவுஸ்' என்று அடிப்பது. அவருடைய விடுதி முதலாம் இடத்தில் வந்தால் எனக்கு முழுப்பேர், எட்டாயிரம் ரூபாய். இரண்டிலிருந்து ஐந்து வரை அரைப்பேர், நாலாயிரம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஆறாம் எடத்துக்குங்க ஐயா?"

"ஆறாம் இடத்தில இருக்கிறது ஆருக்குப் பிள்ளை கண்ணில படும்?"

அது நியாயமான கேள்வி. மற்றப் பன்னிரண்டு பேரில் யாரும் இப்படியொரு கேள்வி கேட்கவில்லை. நான் சரியென்றேன்.

அன்று சாயந்தரம் அம்மாவிடம் சொன்னேன். அவர் கொழுந்துக் கறை பிடித்த விரல்களைத் எலுமிச்சங்காயால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பியூட்டர்லயுமா அரைப்பேரு போடுறாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அளவு எத்தன கிலோவாம்?" என்றும் கேட்டார்.

"கிலோ இல்லம்மா. எடம். மொத எடத்துக்கு வந்தா முழுப்பேரு."

"மொத எடத்துல ஒரு ஆளுதானே நிக்க முடியும்?"

"ஆமா."

"அப்ப மத்த எல்லாருக்கும் பேரே இல்லையா? அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, கடைசியில், "ஐயாகிட்ட எதுத்துப் பேசிப்புடாத புள்ள" என்றார். முதலாம் இடத்தைப் பற்றி அவர் சொன்னதை விடச் சுருக்கமாக என் தொழிலை இன்றுவரை யாரும் விளக்கியதில்லை.

வேலையைத் தொடங்கினேன். ஐயாவின் பக்கத்தில் அவரே எழுதி வைத்திருந்த ஆங்கிலம் இருந்தது. 'தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி, ஏழு அறைகளின் நீள அகலத்தைச் சொல்லி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று முடியும். அதை மாற்றி எழுதினேன். படங்களைத் திரும்ப எடுத்தேன். அவருக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, அது எப்போதும் திறந்தபடியே இருக்குமாறு செய்து கொடுத்தேன். கடவுச்சொல்லை மறந்துவிடுவார் என்று பயம். அந்த உதவியால் என்ன வந்ததென்று பிறகு சொல்கிறேன்.

முதல் மாதம் நாலாம் பக்கம். பேர் இல்லை. இரண்டாம் மாதம் மூன்றாம் பக்கம். பேர் இல்லை. மேசை வாடகையைக் கல்யாணப் பத்திரிகைகள் தட்டெழுதிக் கொடுத்துச் சமாளித்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில், காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு என் கைபேசியில் அவருடைய அழைப்பு வந்தது.

"பிள்ளை! முதலாம் இடம்!"

கடை திறந்தவுடன் ஓடிப்போய் என் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பதினாலாம் இடம். பக்கத்து மெஷினில் பார்த்தேன். அதிலும் பதினாலு.

விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வருடங்களில்தான் தேடுபொறிகள் ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் வழக்கத்தைப் பார்த்து விடையை மாற்றிக் காட்டத் தொடங்கியிருந்தன. ஐயா தினமும் காலையில் சாமி கும்பிட்டதும் தன் விடுதியைத் தேடி, எத்தனையாம் பக்கத்தில் இருந்தாலும் கண்டுபிடித்து, திறந்து, ஏழு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நான் திறந்து வைத்த கணக்கு அதையெல்லாம் அவர் பெயரில் குறித்து வைத்துக்கொண்டது. இந்த மனுஷருக்கு இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று முடிவுசெய்து, மேலே தூக்கி வைத்துவிட்டது. உலகத்தில் ஒரேயொரு மெஷினில் அவருடைய விடுதி முதலாம் இடத்தில் இருந்தது. என் சம்பளத்தை நிறுக்கும் தராசும் அதுதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். நானுஓயாவைத் தாண்டும்போது, சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு யோசனை வந்தது. அவருடைய வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் எட்டாயிரம் ரூபாய் எண்ணி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நீல மட்டை போட்ட ஒரு புத்தகம். அதில் என் பெயர், எதிரே 'முழு' என்று அழகான கையெழுத்து. முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, உம்மாலை ஏலும் எண்டு நான் நினைக்கேல்லை."

நானும் நினைக்கவில்லை. கையெழுத்து வைத்தேன். என் அம்மா முப்பது வருடமாகப் பறித்த கொழுந்துக்கே பேர் வாங்கப் பாடுபட்டவர். பறிக்காத கொழுந்துக்கு முழுப்பேர் வாங்கிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

அந்த எட்டாயிரம் வாடகைப் பாக்கியில் போனது. அடுத்த மாதமும் முழுப்பேர். அந்தப் பணத்தை மட்டும் செலவழிக்க மனம் வரவில்லை. அம்மாவின் தகரப் பெட்டிக்குள் சேலைக்குக் கீழே வைத்தேன்.

விடுதிக்கு ஆட்கள் வந்ததாகத் தெரியவில்லை. ஐயாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கோயிலில், தபாற்கந்தோரில், மரக்கறிச் சந்தையில் என்று எல்லா இடத்திலும் தான் முதலாம் இடத்தில் இருப்பதைச் சொன்னார். கேட்டவர்கள் யாரும் தம் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்படிக் கேள்விப்பட்டு ஒரு பேக்கரி முதலாளி என்னைத் தேடித் தலவாக்கலைக்கே வந்துவிட்டார்.

"கிளாக்கர் ஐயாவுக்குப் போட்டுக் குடுத்த மாதிரியே எனக்கும் போட்டுக் குடுங்க தங்கச்சி. நுவரெலியாவுல கேக்குன்னு அடிச்சா மொதல்ல நான்தான் வரணும். அதே ரேட்டு. மொதலாம் எடம்னா எட்டாயிரம்."

"உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்குங்களா?"

"மகன் வச்சிருக்கான். எதுக்கு?"

எதற்கென்று நான் சொல்லவில்லை. நாளைக்கு விலை எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து உண்மையிலேயே எழுதினேன். அதில் ஒரு நிபந்தனை இப்படி இருந்தது: 'வாடிக்கையாளர் தினமும் காலையிலும் மாலையிலும் தமது பக்கத்தைத் தேடி, மூன்று முறை திறந்து பார்க்க வேண்டும்.' மருந்துப் போத்தலில் ஒட்டிய தாள் போல இருந்தது. ஆனால் அதை விடப் பொருத்தமான வியாபாரம் எனக்குத் தோன்றவில்லை. நுவரெலியாவில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் அவரவர் மெஷினில் முதலாம் இடம். அத்தனை பேரிடமும் எனக்கு முழுப்பேர். தோற்பதற்கு ஒரு ஆள்கூட இல்லை. கொழும்பின் மேல்மாடியில் இருந்தவர்களுக்கு ஏன் சிரித்த முகமாகவே இருந்தது என்று அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது போல இருந்தது.

தாளை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் பேக்கரிக்குப் போகிற வழியில் ஐயாவின் விடுதியில் இறங்கினேன். வாசலில் நடக்க இடமில்லை. கொங்கிரீட் கல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் மணல் குவியல்.

"என்னங்க ஐயா இது?"

"மேல மூண்டு அறை போடப்போறன்" என்றார். அவ்வளவு உற்சாகமாக அவரை நான் பார்த்ததில்லை. "முதலாம் இடத்தில இருக்கிற விடுதிக்கு ஏழு அறை போதுமோ? வங்கியில லோன் கதைச்சிட்டன். திங்கக்கிழமை கையெழுத்து."

"எதை வச்சுங்க லோன்?"

"இந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை வைச்சுத்தான்."

பேக்கரித் தாள் என் பைக்குள் இருந்தது. பையைக் கீழே வைத்தேன். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"ஐயா, லோன் எடுக்காதீங்க. நீங்க மொதலாம் எடத்துல இல்லைங்க."

"என்ன கதை இது? காலமையும் பாத்தனான்."

"உங்க மெஷின்ல மட்டுந்தாங்க."

அவர் நம்பவில்லை. என் மேல் சந்தேகப்படவும் இல்லை. எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தவர் போல, "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டார். கடைசியில், டவுனுக்கு வந்து வேறு மெஷினில் பார்க்கச் சம்மதித்தார். கோட்டைப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

நுவரெலியா டவுன் கொமினிகேஷனில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. என் விரலை நம்பாமல் அவரே ஒற்றை விரலால் தட்டினார். முதல் மெஷினில் பதினோராம் இடம். இரண்டாவதிலும் பதினொன்று. மூன்றாவதில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐயா குடையோடு பக்கத்தில் வந்து நின்றதும் எழுந்து இடம் விட்டார்கள். அதில் பன்னிரண்டு.

திரும்பி நடந்தோம். கேட்டுக்குக் கிட்ட வந்தபோதுதான் கேட்டார்.

"என்ர மெஷின் எனக்கு ஏன் பொய் சொல்லுது?"

"பொய்னு இல்லைங்க ஐயா. நீங்க தெனமும் எதைப் பாக்கிறீங்கன்னு அது குறிச்சு வச்சிருக்கு. உங்களுக்குப் புடிச்சத முன்னால கொண்டாந்து காட்டுது."

"ஓகோ. எங்கட கிழக்கு டிவிஷன் கங்காணி மாதிரி." கொஞ்சம் நின்று, "அவனும் நான் கேக்க விரும்பிறதைத்தான் சொல்லுவான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வி அதை நிறுத்தியது.

"உமக்கு இது எப்ப இருந்து தெரியும்?"

"மொத மொதல்ல மொதலாம் எடம்னு சொன்னீங்களே ஐயா, அன்னைக்கேங்க."

அவர் உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கல் அடுக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். பேக்கரிக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தகரப் பெட்டியிலிருந்த எட்டாயிரத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மற்ற எட்டாயிரத்தை நாலு தவணையில் தருவதாகச் சொல்ல, வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்திருந்தேன். ஐயா கவரைத் தொடவில்லை. நீலப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதில என்ன எழுதியிருக்கு?"

"முழுன்னு எழுதியிருக்குங்க."

"மையில எழுதினது. முப்பத்தாறு வருஷத்தில எழுதின பேரை நான் ஒருக்காலும் வெட்டினதில்லை. உமக்காக இப்ப வெட்ட ஏலாது."

எங்கள் தோட்டத்தில் வேறு கிளாக்கர். ஆனாலும் பேர் வெட்டாத கிளாக்கர் ஒருவரைப் பற்றி நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. இவர் முகத்தைப் பார்த்தால், சொன்னதை முழுதாக நம்பித்தான் சொன்னார். அவருடைய ஞாபகமும் அவருக்குப் பிடித்ததை முன்னால் காட்டப் பழகியிருந்தது. அந்த மெஷினைப் பற்றி இரண்டு நாளைக்கு முன்னால் விளக்கம் கொடுத்த நான் இதற்கு எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"லோன்?"

"வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்." புத்தகத்தை மூடினார். "அது போகட்டும். இப்ப சொல்லும். உம்மட வேலைக்கு உண்மையில என்ன விலை?"

இப்படி ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. தங்கம், வெள்ளி எதுவும் வாயில் வரவில்லை. அவருடைய பக்கத்துக்கு மாதம் எத்தனை நாள் உண்மையில் வேலை செய்கிறேன் என்று யோசித்தேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரம்ங்க. மாசம் நாலு நாள்."

"அது எட்டாயிரம். முழுப்பேர்."

"ஆமாங்க. மொதலாம் எடமோ பதினோராம் எடமோ, அதேதாங்க. எடம் என் கையில இல்லைங்க ஐயா. வேலை மட்டுந்தான் என் கையில."

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அம்மா எச்சரித்ததைச் செய்துவிட்டேன், எதிர்த்துப் பேசிவிட்டேன். ஐயா சிவப்புப் பேனையை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்.

"ஆயிரத்து எழுநூற்றைம்பது" என்றார். "மத்தியானச் சாப்பாடு என்ர கணக்கு."

"சரிங்க."

"ஆனால் நாட்சம்பளம் எண்டால் மேற்பார்வை வேணும். நீர் தலவாக்கலையில இருந்து என்ன செய்யிறீர் எண்டு நான் கண்டனோ? இங்க வந்துதான் செய்ய வேணும். காலமை எட்டு மணிக்குப் பெரட்டு."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. எங்கள் வீட்டில் பெரட்டுக்குப் போகாமல் தப்பிய முதல் தலைமுறை நான்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து நான் பெரட்டுக்குப் போனேன். வரிசையில் நான் ஒருத்திதான். எட்டு மணிக்கு ஐயா வாசலில் வந்து நிற்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், "இண்டைக்கு என்ன வேலை?" என்று கேட்பார். நான் சொல்வேன். எழுதிக்கொள்வார். பிறகு கம்ப்யூட்டருக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, நான் தட்டுவதைப் பார்த்தபடி மத்தியானம் வரை இருப்பார்.

பேக்கரி முதலாளிக்கும் நாட்சம்பளக் கணக்கில்தான் விலை சொன்னேன். "கிளாக்கருக்கு மட்டும் மொதலாம் எடம், எனக்கு வெறும் வேலையா?" என்று கோபித்துக்கொண்டு, கண்டியில் ஒருவரிடம் போய்விட்டார். அந்த ஆளிடம் 'வைரம்' என்று ஒரு பட்டியலும் இருந்ததாம்.

மேற்பார்வையில் ஒரு சங்கடம் இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர் பேசவும் செய்வார். நான் 'இயற்கை எழில் சூழ்ந்த' என்று எழுதினால், "நுவரெலியாவில எழில் சூழாத இடம் ஏதும் இருக்கோ?" என்பார். நானுஓயா ரயிலடியில் இறங்கினால் எந்தப் பஸ், வான்காரன் எவ்வளவு கேட்பான், எவ்வளவு கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல்நாளே சொல்ல வேண்டும் என்பதையும் எழுதினேன். மூன்றாம் அறையின் ஜன்னல் சரியாகச் சாத்தாது என்பதை எழுதச் சொன்னபோது, ஜன்னலைத் திருத்துவது சுலபம் என்று சொல்லி தச்சுவேலை செய்யும் ஒரு பாஸைக் கூப்பிட வைத்தேன். ஒரு வசனத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

'காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை குழாயில் சுடுதண்ணீர் வரும். மற்ற நேரத்தில் கேட்டால் அடுப்பில் வைத்துத் தருவோம். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.'

"இதை எந்த ஓட்டலும் எழுத மாட்டாங்கங்க ஐயா. எல்லாரும் இருபத்துநாலு மணி நேரமும் சுடுதண்ணின்னுதான் எழுதுறாங்க."

"எல்லாரிட்டையும் வருதோ?"

"வராதுங்க. ஆனா எழுதுவாங்க."

"எழுதினதைத் தானே நான் குடுக்க வேணும்?"

அவர் தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்து அந்த வசனத்தை அழித்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கண்டுபிடித்துவிட்டார். இன்னொரு மாதம் திரும்ப அழித்தேன். திரும்பவும் கண்டுபிடித்தார். மூன்றாம் தடவை அவரே ஒற்றை விரலால் தட்டிப் போட்டார், ஒரு எழுத்துப் பிழையோடு. அப்படியே விட்டேன்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஆட்கள் குவியும் வசந்த காலத்துக்குள் விடுதி எல்லா மெஷினிலும் ஏழாம் இடத்துக்கு வந்திருந்தது. கல் அடுக்கில் பாதியை ஐயா பின்பக்கத்து மண் சரியாமல் கட்டிய மதிலுக்குப் போட்டார். மீதியை வீடு கட்டும் ஒரு பாஸ் மலிவாக வாங்கிப் போனார்.

நான் வேலையில் இருந்த ஒரு நாள், மட்டக்களப்பிலிருந்து ஒரு வாத்தியாரும் மனைவியும் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று ஐயா விசாரித்தார். யாரும் சொல்லவில்லை, தேடிப் பார்த்துத்தான் வந்தோம் என்றார் வாத்தியார். தட்டுவதை நிறுத்தினேன். தேடி வந்த முதல் விருந்தாளியை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்.

"என்னன்னு அடிச்சுத் தேடினீங்க சேர்?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கிக் குளிர் ஒத்துக்காது. நுவரெலியா, சுடுதண்ணி, கைக்குழந்தை எண்டு இங்கிலீசில அடிச்ச. எல்லாரும் இருபத்துநாலு மணித்தியாலமும் எண்டு போட்டிருக்கானுகள், நம்ப ஏலுமா? இங்க மட்டுந்தான் எத்தினை மணிக்கு வரும், எத்தினை நிமிசம் பொறுக்கணும் எண்டு கிடந்த."

அவர்கள் இரண்டாம் அறைக்குப் போனார்கள். ஒரு நாளைக்கென்று வந்தவர்கள் மூன்று நாள் இருந்தார்கள். முதல்நாள் அவர்கள் உள்ளே போனதும் ஐயா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, நீலப் புத்தகத்தைத் திறந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அந்த வசனத்தை ஆர் எழுதினது?"

"நீங்கதாங்க ஐயா."

"ஆர் அழிச்சது?"

கீபோர்டில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

"அப்ப அந்த வசனம் எழுதின நாளுக்கு ஆருக்குச் சம்பளம்?"

"உங்களுக்குத்தாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதி, எதிரே ஒரு நாள் என்று போட்டார். அந்த மாதம் எனக்கு மூன்று நாள் சம்பளம்தான் கிடைத்தது. முத்திரையின் மேல் கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்த மாதப் பெரட்டு எந்தத் தேதியில் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.